எகிப்து போகிறீர்களா? முதலில் வரிசையைச் சரிசெய்யுங்கள்

எகிப்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதை எந்த நாளில், எத்தனை மணிக்கு, எதற்குப் பிறகு பார்ப்பது என்பதில்தான் பயணம் கெட்டுப்போகிறது. காலை 11 மணிக்கு கிசா மேட்டில் இறங்குபவருக்குப் பிரமிடு மனதில் தங்காது. வெயிலும் ஒட்டகக்காரர்களின் பேரமும்தான் தங்கும். அதே இடத்தில் கதவு திறக்கும் நேரத்துக்கு நின்றவருக்கு வேறு அனுபவம்.

எப்போது, எத்தனை நாள்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் நடுவரை போகலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தெற்கே நைல் கரையிலுள்ள லக்சரிலும் அஸ்வானிலும் வெப்பம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கோயில் என்றாலும் பாதிக்கு மேல் திறந்தவெளிதான், ஒதுங்க நிழல் கிடைக்காது. மார்ச் முதல் மே வரை அவ்வப்போது கம்சீன் என்னும் மணற்காற்று வீசும். அன்றைக்கு எதுவும் தெரியாது, விமானங்களும் தாமதமாகும். பாலைவன நாடுதானே என்று குளிருடை இல்லாமல் போகாதீர்கள். ஜனவரியில் கெய்ரோவின் இரவு 10 டிகிரிக்கு இறங்கும். கோயில்களுக்கு விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருப்பதால் ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

ரமலான் மாதத்தில் பார்வை நேரம் குறையும், பகலில் சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும். 2027இல் ரமலான் பிப்ரவரி தொடக்கத்தில் வருகிறது, அதற்கடுத்த ஆண்டுகளில் ஜனவரிக்கு நகர்கிறது. நல்ல பருவத்தின் நடுவிலேயே அது விழுவதால், டிக்கெட் போடும் முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

பத்து நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்: கெய்ரோவில் நான்கு, லக்சரில் மூன்று, அஸ்வானிலும் அபு சிம்பலிலும் சேர்த்து இரண்டு, திரும்புவதற்கு ஒன்று. ஆறு நாள்தான் உண்டு என்றால் அஸ்வானை விட்டுவிடுங்கள், லக்சரில் கை வைக்காதீர்கள்.

பணம், கார்டு, விசா

விசாவைக் கையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சென்னை, கொழும்பு இரண்டிலிருந்தும் போகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறுவார்கள். மும்பை, டெல்லியிலிருந்து கெய்ரோவுக்கு நேரடி விமானம் உண்டு.

முதல் நாளே பலரை மாட்டிவிடுவது டிக்கெட் கவுன்டர். பிரமிடுகள், கர்னாக், மன்னர் பள்ளத்தாக்கு போன்ற பெரிய இடங்களில் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு மட்டும்தான். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, கடைகளில் பயன்படுத்துவதற்கும் ஏடிஎம்முக்கும் தனித்தனியாக வரம்பு வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரூபே கார்டை மட்டும் நம்ப வேண்டாம். விசா ஒன்று, மாஸ்டர்கார்டு ஒன்று என இரண்டு கார்டு இருந்தால் கவலையில்லை. நுழைவுக் கட்டணம் அடிக்கடி ஏறுவதால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அரசின் டிக்கெட் தளத்தில் அன்றைய விலையைப் பார்ப்பதே சரி. பன்னாட்டு மாணவர் அடையாள அட்டை இருந்தால் பாதி விலை. கல்லூரி கொடுத்த அட்டையை மட்டும் காட்டினால் மறுத்துவிடுவார்கள்.

ரொக்கம் வேண்டியது சில்லறைச் செலவுக்குத்தான்: டாக்சி, படகு, கழிப்பறை, பக்‌ஷீஷ். பக்‌ஷீஷ் என்பது அன்பளிப்பு. அங்கே அது பிச்சையும் இல்லை, லஞ்சமும் இல்லை, சிறு உதவிக்குக் கொடுக்கும் வழக்கமான கூலி. 10, 20 பவுண்டு நோட்டுகளை ஒரு சட்டைப்பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் 200 பவுண்டு நோட்டாகத்தான் வரும், அதை ஹோட்டலிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ மாற்றிவிடுங்கள். சில்லறை திருப்பித் தரும்போது நோட்டைக் கவனியுங்கள். 50 பவுண்டுக்கு ஒரு நோட்டு இருப்பதுபோல 50 பியாஸ்டருக்கும் ஒரு நோட்டு உண்டு. பியாஸ்டர் என்பது பவுண்டில் நூறில் ஒரு பங்கு. அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கையில் திணிப்பது பழைய தந்திரம்.

விமானத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அரபி எண்களைப் படித்துவிடுங்கள். பத்து நிமிடம் போதும். விலைப்பலகை, ரயில் பெட்டி, இருக்கை எண், வண்டி நம்பர் எல்லாம் அந்த எண்களில்தான் இருக்கும். நம் சுழியம்போல வட்டமாக இருப்பது 5, வெறும் புள்ளிதான் சுழியம். நம் 7 போலத் தெரிவது 6. ஆங்கில வி எழுத்துப்போல இருப்பது 7, அதைக் கவிழ்த்தால் 8. இடவலமாகத் திரும்பிய 3 போல இருப்பது 4. 1ம் 9ம் நமக்குத் தெரிந்த வடிவம்தான். எழுத்து வலமிருந்து இடமாகப் போனாலும் எண்கள் இடமிருந்து வலமாகவே போகும். வட்டத்துக்குப் பின் ஒரு புள்ளி இருந்தால் 50. இதைச் சுழியம் என்று படித்துத் தவறான பெட்டியில் ஏறுகிறவர்கள் நிறைய.

பிரமிடுகளைக் கட்டிய வரிசையில் பாருங்கள்

எல்லோரும் கிசாவில் தொடங்குவார்கள். நாங்கள் சொல்வது: முதல் நாள் சக்காராவும் தாஷூரும், இரண்டாம் நாள் கிசா. காரணம் எளிது. சக்காராவில் இருக்கும் ஜோசர் மன்னரின் படிப் பிரமிடுதான் முதலில் வந்தது. ஆறு மேடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது, ஏறக்குறைய 62 மீட்டர் உயரம். அதற்கு அடுத்த தலைமுறைகளில் ஸ்னெஃபெரு மன்னர் தாஷூரில் பக்கங்களைச் சாய்வாக்கிப் பார்த்தார். முதல் முயற்சியில் ஏறக்குறைய 54 டிகிரியில் எழும்பிய சுவர், பாதிக்கு மேல் 43 டிகிரிக்கு மடங்குகிறது. அதுதான் வளைந்த பிரமிடு. கல்லின் கனம் தாங்காமல் விரிசல் விடத் தொடங்கியதால் மேல்பகுதியைச் சாய்த்துக் கட்டினார்கள் என்பதே பொதுவான விளக்கம். பக்கத்திலேயே தொடக்கம் முதல் குறைந்த சாய்வில் கட்டிய சிவப்புப் பிரமிடு. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு மறுநாள் அவருடைய மகன் கூஃபுவின் பெரிய பிரமிடுமுன் நின்றால், அது எப்படி வந்தது என்று கண்ணுக்கே புரியும். வரிசையை மாற்றினால் சக்காரா வெறும் இடிந்த கல்மேடாகத் தோன்றும்.

சக்காரா, தாஷூர் இரண்டுக்கும் முழுநாள் வாடகைக்கு ஒரே வண்டி பேசுங்கள். ஊபர் கெய்ரோவுக்குள் நன்றாக ஓடும். ஆனால் தாஷூரில் இறங்கி அனுப்பிவிட்டால் திரும்ப வண்டி கிடைக்காது. அங்கே கடையும் இல்லை, தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். சக்காராவில் உனாஸ் பிரமிடுக்குள் இறங்கிப் பாருங்கள். உள்சுவர் முழுக்க எழுத்துகள், மன்னரின் மறுமைக்காகச் செதுக்கிய பிரமிடு வாசகங்களில் அவைதான் மிகப் பழையவை. மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறையில் மீன் பிடிப்பது, கழுதைப்புலியை மல்லாத்திக் கட்டி வாயில் உணவு திணிப்பது எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். பிரமிடுகளுக்குள் இதெல்லாம் இருக்காது.

பிரமிடுக்குள் நுழைந்து பார்க்கும் ஆசை இருந்தால் அதைச் சிவப்புப் பிரமிடில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் கருத்து. தனிக் கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. வடக்குப் பக்கத்தில் ஏறக்குறைய 28 மீட்டர் ஏறினால் வாசல். அங்கிருந்து 60 மீட்டருக்கு மேல் நீளும் தாழ்வான சரிவில், குனிந்து பின்னோக்கிப் படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்க வேண்டும். கீழே இரண்டு பக்கமும் படிப்படியாக உள்வாங்கி உயரும் கூரை, ஒருவித அமோனியா நெடி. கிசாவின் பெரிய பிரமிடில் இதற்குத் தனி டிக்கெட், விலையும் அதிகம். ஏறு பாதை ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரமே உள்ளது, எதிரே இறங்குகிறவர்களோடு இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதைத் தாண்டினால் 8 மீட்டருக்கு மேல் உயர்ந்த பெருங்கூடம், அது உண்மையிலேயே மூச்சை நிறுத்தும். முடிவில் சிவப்புக் கருங்கல் அறையும் ஒரு வெற்றுக் கல்பெட்டியும். ஓவியமோ எழுத்தோ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மூட்டு வலி, மூச்சிரைப்பு, குறுகிய இடத்தில் பயம் இருப்பவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், அன்றைக்கு ஏற்றம் அதிகமுள்ள இடம் எதுவும் வைக்காதீர்கள்.

கிசாவில் இப்போது பயூம் சாலைப் பக்கம் புதிய பெரிய வாசல். உள்ளே பேருந்துகள் நிறுத்தம் நிறுத்தமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், டிக்கெட்டிலேயே அது அடக்கம். வெள்ளிக்கிழமை உள்ளூர்க் கூட்டம் அதிகம், வேறு நாளில் போங்கள். ஸ்பிங்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டின் தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் இறக்கமாகவே நடக்கலாம்.

தொந்தரவுகளையும் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு வெளியே ஒருவர் வந்து "இந்த வாசல் மூடிவிட்டார்கள், அந்தப் பக்கம் வாருங்கள்" என்பார். அவர் காட்டும் இடம் குதிரை வாடகைக் கொட்டகை. சீருடையில்லாத ஒருவர் டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வழிகாட்டியாக மாறிவிடுவார். வாசல் ஊழியரைத் தவிர யாரிடமும் டிக்கெட்டைக் கொடுக்காதீர்கள். ஒட்டகத்தில் ஏறச் சொல்லும் விலை ஏறுவதற்கு மட்டும், இறக்கிவிட வேறு விலை. ஏறும் முன்பே எத்தனை நிமிடம், இறக்கிவிடுவது உட்பட எவ்வளவு என்று கேட்டு, இறங்கிய பிறகே பணம் கொடுங்கள். "இலவசம்" என்று தலையில் துண்டு கட்ட வருபவரிடம் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒருமுறை சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்று காரணம் சொல்லத் தொடங்கினால் பேரம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெரிய எகிப்து அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. பிரமிடுகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் முதல்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. கால் ஓய்வதற்குள் அந்தக் கூடங்களை முதலில் முடித்துவிடுங்கள். மன்னர்களின் மம்மிகள் இங்கே இல்லை. அவை 2021 ஏப்ரலில் ஃபுஸ்டாட் பகுதியிலுள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டன. அந்தக் கூடத்தில் படம் எடுக்கக் கூடாது. இரண்டாம் ராம்செஸ் முன் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். அவர் உடலைப் பதப்படுத்தியபோது மூக்கில் வைத்த மிளகு மணிகள் ஆய்வில் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிளகு விளைந்தது நம் தென்னிந்தியப் பக்கத்தில்தான்.

லக்சர்: கிழக்குக் கரை மாலையில், மேற்குக் கரை விடியலில்

கெய்ரோவிலிருந்து லக்சர் 650 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் ஒரு மணி நேரம், ரயிலில் ஒன்பது பத்து மணி நேரம். பகல் ரயிலில் நைல் கரை வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றாலும் ஒரு முழு நாள் போய்விடும்.

மன்னர் கல்லறைகள் இருக்கும் நைலின் மேற்குக் கரைக்குக் காலை 6 மணிக்கே போய்ச் சேர வேண்டும். மன்னர் பள்ளத்தாக்கு மலைக் குழிவில் இருப்பதால் 10 மணிக்கு மேல் அடுப்புபோல இருக்கும், அதே நேரத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து சுற்றுலாப் பேருந்துகளும் வந்து சேரும். பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். எந்த மூன்று என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் புகுந்து மூன்றையும் தீர்த்துவிட்டு, பிறகு வருந்துகிறவர்கள் பலர். எங்கள் தேர்வு: 11ஆம் எண், மூன்றாம் ராம்செஸ், பக்கவாட்டுச் சிற்றறைகளில் யாழ் மீட்டுபவர்கள், சமையல் காட்சிகள். 8ஆம் எண், மெர்னெப்டா, நேராக ஆழத்துக்கு இறங்கும் நீண்ட பாதை. 2ஆம் எண், நான்காம் ராம்செஸ், இறக்கம் குறைவு என்பதால் வயதானவர்களுக்கும் முடியும். எந்தக் கல்லறை எந்த நாளில் திறந்திருக்கும் என்பது மாறும், அதனால் மாற்றுக்கு 6ஆம் எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிக் கட்டணம் உள்ளவற்றில் ஒன்றுதான் என்றால் 9ஆம் எண்ணுக்குக் கொடுங்கள். ஐந்தாம், ஆறாம் ராம்செஸ் கல்லறை அது. கூரை முழுக்க வானதேவி நூட் இரண்டு முறை நீண்டு கிடக்கிறாள், மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுக்கிறாள். துட்டன்காமன் கல்லறை இதைவிட விலை கூடுதல், இடமோ சிறியது, ஓவியம் ஒரே அறையில்தான். ஆனால் அவருடைய மம்மி இன்னும் அங்கேயே இருக்கிறது. முதலாம் சேட்டியின் கல்லறைக்குப் பொது டிக்கெட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்பார்கள். ஓவியமும் சிற்பமும் மனதுக்கு நெருக்கமானவர்கள் யோசிக்காமல் கொடுக்கலாம், அந்தத் தரம் வேறு எங்கும் இல்லை.

வழிகாட்டிகள் கல்லறைக்குள் வந்து விளக்கக் கூடாது என்பது விதி. வெளியிலேயே படம் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு தனியாக இறங்குங்கள். பிளாஷ் கூடாது. சுவரில் தோள் உரசாமல் நடங்கள், முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் பூச்சில் உள்ள உப்பை வெளியே இழுக்கிறது, உப்பு படிந்தால் வண்ணம் செதில் செதிலாக உதிரும். உள்ளே நிற்கும் காவலர் கயிற்றுக்கு அப்பால் கூப்பிட்டுக் காட்டுவார். போகாதீர்கள். 3,000 ஆண்டுகள் நின்ற வண்ணம் அது, 20 பவுண்டுக்கு அதைத் தேய்க்க வேண்டாம்.

அங்கிருந்து ஹட்செப்சுட் கோயில், பிறகு மூன்றாம் ராம்செஸின் கோயிலான மெதினத் ஹாபு. இந்தக் கடைசி இடத்தைப் பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுகின்றன. கைத்தலம் புதையும் ஆழத்துக்கு வெட்டிய எழுத்துகளும் கூரையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் நீலமும் அங்கேதான். மெதினத் ஹாபு, கல்லறை கட்டிய தொழிலாளர்களின் ஊரான தெய்ர் எல் மெதினா போன்றவற்றுக்கான டிக்கெட்டை, மெம்னான் என்னும் இரண்டு பெரிய சிலைகளைத் தாண்டிச் சாலையோரம் உள்ள டிக்கெட் அலுவலகத்தில் வாங்குவது வழக்கம். அங்கே வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டே மேலே போங்கள். வாசல்வரை போய்த் திரும்பி வருவது வெயிலில் எரிச்சல் தரும். மெம்னான் சிலைகளுக்குக் கட்டணம் இல்லை.

வெப்பக் காற்று பலூனில் ஏறுவதாக இருந்தால் லக்சரில் முதல் காலையிலேயே வையுங்கள். காற்று சரியில்லை என்றால் பறக்கவிட மாட்டார்கள், மாற்றுக்கு இன்னொரு காலை வேண்டும்.

கிழக்குக் கரையிலுள்ள கர்னாக் கோயில் மதியம் மூன்றரைக்கு மேல். பெருந்தூண் மண்டபத்தில் 134 தூண்கள், நடுவரிசையில் உள்ள 12ம் ஏறக்குறைய 21 மீட்டர் உயரம். எல்லோரும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சுவர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். வடக்குப் பாதியில் முதலாம் சேட்டி செதுக்கியவை: உருவம் மெல்லிதாக மேலே எழும்பியிருக்கும், முழங்கால் எலும்பு, துணி மடிப்புவரை தெரியும். தெற்குப் பாதி அவர் மகன் இரண்டாம் ராம்செஸ் முடித்தது: அங்கே உருவம் கல்லுக்குள் அழுந்தி வெட்டப்பட்டிருக்கும். உள்வெட்டு வேலை வேகமாக முடியும், வெயிலில் நிழல் விழுந்து தூரத்திலிருந்தே தெரியும். சாய்ந்த வெளிச்சம் வேண்டும் என்று மாலையைச் சொல்வது இதற்காகத்தான். உச்சிவெயிலில் இரண்டும் ஒன்றுபோலவே மொழுமொழுவென்று தெரியும். வெளியே வரும்போது முதல் முகப்புக் கோபுரத்தின் உள்பக்கம் தென்பகுதியைத் திரும்பிப் பாருங்கள். கல்லை மேலே ஏற்ற அமைத்த செங்கல் சாரத்தின் மண்மேடு அப்படியே கிடக்கிறது. கோபுரம் முடிக்கப்படவேயில்லை, அதனால் சாரத்தை யாரும் அகற்றவுமில்லை.

லக்சர் கோயில் இருட்டிய பிறகும் திறந்திருக்கும், விளக்கு ஒளியில் பாருங்கள். கர்னாக்கையும் இதையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் ஸ்பிங்ஸ் வீதி 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. வாசலில் ஒற்றையாக நிற்கும் கல்தூணின் ஜோடி பாரிஸில் இருக்கிறது.

சாப்பாடு

சைவர்களுக்கு எகிப்து வசதியான நாடு. கோஷரி என்றால் சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு. பூண்டு வினிகரும் மிளகாய்ச் சாறும் தனியாக வரும், மிளகாயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். காலையில் ஃபூல் என்னும் பெரிய அவரைக்கொட்டை மசியல், தமேயா என்னும் அவரை வடை, கோதுமை ரொட்டி. ஒரு எச்சரிக்கை: ஜி6பிடி என்னும் பரம்பரை நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த அவரை ஆபத்து, ரத்த அணுக்கள் சிதையும். ஃபூலும் தமேயாவும் தொடவே கூடாது. மொலோகியா கீரை பார்க்கச் சைவம்போல இருக்கும், ஆனால் பெரும்பாலும் கோழி அல்லது முயல் சாற்றில் காய்ச்சியது. "பிதூன் லஹ்மா", அதாவது இறைச்சியில்லாமல் என்று சொன்னால் மேலே கிடக்கும் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருவார்கள், சாறு அப்படியே இருக்கும். சூப்புக்கும் இதே கதை. குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள், பாட்டில் மூடி முத்திரையோடு இருக்கிறதா பாருங்கள். வெளியில் சுற்றும் நாளில் ஆளுக்கு மூன்று லிட்டர், கூடவே இரண்டு ஓஆர்எஸ் பொட்டலம். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் நீர் குறைவது தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும்.

அஸ்வானும் அபு சிம்பலும்

லக்சரிலிருந்து அஸ்வான் ரயிலில் மூன்று மூன்றரை மணி நேரம். கப்பலில் போனால் எட்ஃபு, கொம் ஒம்போ கோயில்கள் வழியில் வரும். ஆனால் எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் கரை சேரும், கருவறை வாசலில் நெரிசல். ஒரு வண்டி பேசிக்கொண்டு வழியில் இரண்டையும் பார்த்துப் போனால் எட்ஃபுவில் அமைதியான ஒரு மணி நேரம் கிடைக்கும்.

ஃபிலே தீவுக் கோயிலுக்கு நுழைவு டிக்கெட் வேறு, படகுக் கூலி வேறு. படகுக்கு ஆள்கணக்கில் அல்ல, போய் அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருந்து திரும்புவதற்கு மொத்தமாகப் பேசி, கரைக்குத் திரும்பிய பிறகு கொடுங்கள். மற்றப் பயணிகளோடு சேர்ந்துகொண்டால் பங்கு குறையும். ஹீரோகிளிஃப் என்னும் பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில் தேதி தெரிந்த கடைசிக் கல்வெட்டு, கி.பி. 394ஐச் சேர்ந்தது, இங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் ராம்செஸ் பாறையில் குடைந்த கோயில் உள்ள அபு சிம்பல், அஸ்வானுக்குத் தெற்கே ஏறக்குறைய 280 கிலோமீட்டர். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும் வேன்கள் 8 மணிவாக்கில் கொண்டுபோய் விட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும். எல்லா வேனும் அதே நேரம்தான். முடிந்தால் அந்த ஊரில் ஒரு இரவு தங்குங்கள், மதியத்துக்கு மேல் நான்கு பெரிய சிலைகள்முன் கூட்டமே இருக்காது. அஸ்வான் உயர் அணை நீரில் மூழ்காதிருக்க 1964 முதல் 1968 வரை கோயிலையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் மறுபடி அடுக்கினார்கள். சிலையின் முகத்தில் அறுத்த கோட்டைத் தேடிப் பாருங்கள், கிட்டே போனால்தான் தெரியும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 காலைகளில் சூரிய ஒளி கருவறைவரை நுழையும். அதற்காகவே போவதென்றால் நள்ளிரவிலேயே வரிசையில் நிற்கத் தயாராகுங்கள், கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த இரண்டு நாளையும் தவிருங்கள்.

திரும்பும்போது

பழம்பொருள் என்று யார் எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டப்படி தொல்பொருள் வாங்குவதும் விற்பதும் குற்றம், மண்ணில் கிடக்கும் ஓடு ஒன்றை எடுத்துப் பையில் போடுவதும் சிக்கல்தான். பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் வாங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குறுக்கும் நெடுக்குமாக நார்ப்பட்டைகள் தெரிய வேண்டும், மெதுவாகச் சுருட்டினால் முறியக் கூடாது. வாழைநாரில் செய்த போலி வெடித்துவிடும். ட்ரோன் கொண்டுபோகவே கூடாது, விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். மீதமுள்ள பவுண்டுகளை அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஊரில் அதை மாற்ற இடம் கிடைப்பது கடினம்.